ஆற்றுக்கு மேற்கே

அயர்லாந்தில் ஒரு தொகுதி. நடுவே ஆறு. ஒரு தொகுதிக்கே பல உறுப்பினர்கள் என்பதால் ஒரே கட்சி அங்கே இரண்டு பேரை நிறுத்தும். மக்கள் சீட்டில் பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று வரிசை எழுதுவார்கள். முதல் ஆள் ஓட்டுக் குறைந்து விலக்கப்பட்டால், அந்தச் சீட்டு இரண்டாம் ஆளுக்குப் போய்ச் சேரும். தங்களுக்குள் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கட்சி ஆற்றையே எல்லையாக வைத்திருந்தது. ஆற்றைத் தாண்டி யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது.

கிழக்கு ஃபின்பாருக்கு. மேற்கு நோரீனுக்கு. இருவருக்கும் குரு ஹெஃபர்னன். பத்தொன்பது வருஷம் மந்திரியாக இருந்தவர்.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஃபின்பார் அவரைப் பார்க்க வந்தான். ஐம்பத்து நாலு வயது. மேசைமேல் ஒரு நோட்டீஸை வைத்தான்.

"மேற்கே கொடுக்கப் போறேன், ஐயா. எட்டாயிரம். அடியில உங்க கையெழுத்து இருந்தா எடுபடும்."

"மேற்கு அவளோடது."

"இருபது வருஷமா உழைச்சவன் நான். வந்து ஆறு வருஷம் ஆகலை, அவ மந்திரி. மீன்வளத்துறை. மீன்ல முள் எடுக்கத் தெரியுமா அவளுக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சமையலுக்குப் போ."

ஃபின்பார் சிரிக்கவில்லை. "அவ கார் வீட்டைத் தாண்டிப் போனா சாப்பாடு இறங்க மாட்டேங்குது ஐயா. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன. அவ தோக்கணும்."

"உட்காரு. நானும் ஆற்றைத் தாண்டியிருக்கேன்."

ஃபின்பார் உட்கார்ந்தான்.

"என் முதல் தேர்தல். கிழக்கே நான், மேற்கே மைல்ஸ் பர்க். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் பேச்சுதான். எனக்கு வயிறு எரிஞ்சுது. ரகசியமாப் போய் அவர் ஓட்டை உடைச்சேன்."

"பலிச்சுதா?"

"பலிச்சுது. எண்ணினப்ப அவர் கடைசி. விலக்கிட்டாங்க. நானும் தோக்குற நிலைமைதான். அப்புறம் அவர் சீட்டையெல்லாம் பிரிச்சாங்க. ஒண்ணு அவர். ரெண்டு நான். ஒவ்வொரு சீட்டிலேயும். என் பேரை ரெண்டாவதா எழுதச் சொல்லி வீடு வீடாக் கேட்டிருக்கார். அதுலதான் ஜெயிச்சேன்."

"நீங்க தாண்டினது அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் எனக்கும் ஓட்டுக் கேட்டார்."

"ஜெயிச்சதும் என்ன சொன்னார்?"

"கை கொடுத்தார். 'மேற்கே பள்ளிக்கூடம் ஒழுகுது, பாரு'ன்னார். அவ்வளவுதான்."

"பார்த்தீங்களா?"

"புதுசாவே கட்டினேன். திறப்பு விழாவுக்கு அவரைக் கூப்பிடலை."

"ஏன்?"

"கூட்டம் அவருக்குக் கை தட்டும்."



"இப்ப இருக்காரா?"

"செத்து நாலு வருஷம்."

"அடக்கத்துக்காவது போனீங்களா?"

"இந்தத் தொகுதியில நான் போகாத சாவு அது ஒண்ணுதான். வந்தவங்க எல்லாம் அவரைப் பத்தி நல்லதாப் பேசுவாங்க. கேட்டுக்கிட்டு நிக்க முடியாதுன்னு வீட்டிலேயே இருந்துட்டேன்."

ஹெஃபர்னன் பேனாவைத் திறந்தார்.

"சரி, நேரமாகுது. எங்கே கையெழுத்துப் போடணும்? காட்டு."

ஃபின்பார் காட்டவில்லை.