ஆஸ்தானப் பாடகர் மாணிக்கம்

கழுதை கத்தும்போது யாராவது கண்ணை மூடித் தலையை ஆட்டி, "ஆகா!" என்று ரசித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையா? அப்படியானால் மகிழவர்ம ராஜா காலத்தில் நீங்கள் பிறக்கவில்லை.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே அவர் ஆண்ட நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவின் வயிறு சுத்தமாக இருந்தால்தான் மழை பெய்யுமாம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் விடியலில் ராஜா ஒரு ஆழாக்கு விளக்கெண்ணெய் குடிக்க வேண்டும். குடிக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று, ஆஸ்தானப் பாடகர் தேனப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டும்.

வைத்தியர் கிண்ணத்தை நீட்டுவார், தேனப்பன் யாழை மீட்டுவார், ராஜா குமட்டுவார். பத்து வருஷம் இப்படியே ஓடியது.

மற்ற நாட்களில் காலையில் ராஜாவுக்கு வெல்லப் பணியாரம். அதே நேரத்துக்கு உப்பு மூட்டை சுமந்த கழுதை ஒன்று அடுக்களை முற்றத்தில் வந்து நிற்கும். பேர் மாணிக்கம். மாணிக்கம் கத்தும், பணியாரம் வரும், ராஜா சிரிப்பார். அதுவும் பத்து வருஷம்.

ஒருநாள் சபையில் தேனப்பன் யாழைத் தொட்டதுதான் தாமதம், ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்து! உன் குரல் கேட்டாலே குடலைப் பிரட்டுது. இனிமேல் மாணிக்கம்தான் ஆஸ்தானப் பாடகர். மூன்று வாரத்தில் நீ நாட்டை விட்டுக் கிளம்பு!"

தேனப்பன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி பூவாயி அப்போது வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகள் வள்ளியை வீடு முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"முதல்ல மூக்கைச் சிந்துங்க. அப்புறம் நடந்ததைச் சொல்லுங்க."

சொன்னார். பூவாயி பழத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"போன மாசம் காய்ச்சலுக்கு வேப்பிலை உருண்டையைப் பழத்துக்குள்ள வெச்சு மூணு நாள் இவளுக்குக் கொடுத்தேன். இப்ப வாழைமரத்தைக் கண்டாலே ஓடுறா. பழம் என்ன பண்ணுச்சு, பாவம்? நீங்க அந்த வாழைப்பழம்ங்க!"

"நானா?"

"நீங்களேதான்."

முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே வைத்தியர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, எண்ணெய் குடிக்கும்போது ஆஸ்தானப் பாடகர் பாடணும்ல?"

"பின்னே? வழக்கமாச்சே!"

"அப்ப வெள்ளிக்கிழமை மாணிக்கத்தைக் கூட்டிட்டுப் போங்க. மழை வராமப் போனா உங்களைத்தான் கேப்பாங்க."

வைத்தியருக்கு வியர்த்துவிட்டது. அங்கிருந்து உப்பு வியாபாரியிடம் போனாள்.

"கழுதை உத்தியோகத்துக்குப் போயிடுச்சே அண்ணே, மூட்டைக்கு ஆள் வேணும்ல? என் வீட்டுக்காரர் சும்மாதான் இருக்கார். என்ன, நடக்கும்போது கொஞ்சம் பாடுவார்."

முதல் வெள்ளிக்கிழமை மாணிக்கம் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு ராஜாவின் படுக்கையறைக்குள் வந்து கத்தியது. ராஜா எண்ணெயோடு எண்ணெயாகச் சிரித்தார். இரண்டாவது வெள்ளிக்கிழமை சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாவது வெள்ளிக்கிழமை வாசலில் இரண்டு காது தெரிந்ததுமே ராஜா கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்.

முற்றத்திலோ, பணியார நேரத்தில் தலையில் மூட்டையோடு தேனப்பன் பாடினார். முதல் வாரம் ராஜா, "யார் அது, தொண்டை கட்டினவன்?" என்றார். இரண்டாவது வாரம் அவர் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. மூன்றாவது வாரம் வாயில் பணியாரத்தோடு முற்றத்துக்கே ஓடிவந்து, மூட்டையோடு சேர்த்துத் தேனப்பனைக் கட்டிக்கொண்டார்.

"நீ எங்கேயும் போகாதே! கழுதையை நாடு கடத்துங்கள்! வெள்ளிக்கிழமை நீயே வந்து பாடு!"

பூவாயிக்குப் பகீரென்றது. மறுபடியும் எண்ணெய்ப் பக்கத்திலேயா? குறுக்கே போய் நின்றாள்.

"வேண்டாம் மகாராஜா! கழுதையும் போக வேண்டாம், இவரும் வெள்ளிக்கிழமை வர வேண்டாம்." வாழைப்பழத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ராஜா மெதுவாக மென்று விழுங்கினார்.

"அப்படின்னா எனக்குப் பிடிக்காமப் போனது பாட்டு இல்லையா, தாயி?"

"எண்ணெய் மகாராஜா."

"இப்பப் பாட்டு பிடிக்குதே, அது?"

"அதுல பாதி பணியாரம் மகாராஜா."

தேனப்பன் முகம் கொஞ்சம் சுருங்கியது. என்ன செய்ய? உண்மை அதுதானே.

ஆகவே, பெரியவர்களும் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றை விரும்பும் முன்னும் வெறுக்கும் முன்னும், அது எதோடு ஒட்டிக்கொண்டு நம்மிடம் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாடகர் இல்லை, கழுதை இல்லை. வைத்தியர் மட்டும் கிண்ணத்தோடு வந்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ராஜா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். சாதுவான முகம்தான்.

"வைத்தியரே, கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிப்போய்விடுங்கள். சத்தியமாகக் குடித்துவிடுகிறேன். நாளைக் காலையில் நீங்களே பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்களையும் எனக்குப் பிடிக்க வேண்டும்."