பதினோராம் படி

அருளப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் எழுதிக் கொடுத்த தாள்கள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தன, ஒரு திருத்தக் கீறல்கூட இல்லாமல்.

“எங்க தப்புன்னாவது சொல்லுங்க, மேடம். திருத்திக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்.”

மெஹருன்னிசா மூலையில் காலியாகக் கிடந்த உபரி மெஷினைக் காட்டினார்.

“எழுப்புங்க, அண்ணாச்சி.”

குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்து நாலு. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை அருளப்பனின் பொறுப்பு. மெஷின் படுத்துவிட்டால், நகல் எடுத்து வைத்த டேப்பிலிருந்து அதை எப்படி மீட்பது என்று அவர் எழுதித் தர வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைத்த மெஹருன்னிசா அதைச் சரி என்று சொல்ல வேண்டும். அதுவரை லீவு இல்லை என்றது நிர்வாகம்.

ஓசூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மனைவி அங்கே போயிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அருளப்பன் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுத்ததில்லை. மகளின் கல்யாணப் பூசையில் தாலி கட்டும் நேரம், அவர் கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்று, எந்தப் பட்டனை அழுத்துவது என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அதை இன்னும் மறக்கவில்லை.

எரிச்சலோடு டேப்பைப் போட்டார். மெஷினுக்குள் நோயாளிப் பதிவு, பரிசோதனை, மருந்து என்று ஒவ்வொன்றும் தனித்தனி லைப்ரரி, ஒரு கட்டுக் கோப்புகள். பெரியதை முதலில், சிறியதைப் பிறகு என்று ஏற்றினார். ஊழியர்களின் பெயர்ப் பட்டியல் சிறியது, அதனால் கடைசி.

எல்லாம் வந்தது. ஆனால் எதுவும் யாருக்கும் சொந்தமாக இல்லை. டாக்டர் பெயரில் உள்ளே போக முயன்றால், நீ யார் என்றது மெஷின்.

பெயர்களை முன்னால் வைத்தார். மறுநாள் டாக்டர் பெயரில் உள்ளே போக முடிந்தது, ஆனால் பரிசோதனை லைப்ரரி திறக்க மறுத்தது. அது சாய்ந்து நிற்கும் நோயாளிப் பதிவு அதற்குப் பிறகுதான் ஏறியிருந்தது. அதையும் மாற்றினார்.

மூன்றாம் நாள் நாலு மணி நேரத்தில் மெஷின் எழுந்து உட்கார்ந்தது. அருளப்பன் மீசையைத் தடவிக்கொண்டு திட்டத்தை மேஜையில் வைத்தார். எட்டுப் பக்கம், பதினாலு படி.

மெஹருன்னிசா அதைத் திறந்தும் பார்க்கவில்லை. மெஷினை மறுபடி துடைத்து வெறுமையாக்கினார். பிறகு சலவை அறையில் போர்வைக் கணக்குப் பார்க்கும் பிலோமினாவைக் கூப்பிட்டு, தாளைக் கையில் கொடுத்தார்.

அருளப்பனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு தட்டு உளுந்து வடையும்.

பிலோமினா எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துத் தட்டினாள். ஏழாம் படியில் நின்றாள். “‘வழக்கமான டேப்பைப் போடவும்’னு இருக்கு. எது வழக்கம்?”

அருளப்பன் வாயைத் திறந்தார். மெஹருன்னிசா ஒரு வடையை எடுத்து நீட்டினார். பிலோமினா கைக்கு வந்த டேப்பைப் போட்டாள். ஒன்பதாம் படியில் இன்னொரு வடை.

பதினோராம் படியில் பிலோமினாவின் முகம் தெளிந்தது. “‘சிக்கல் வந்தால் அருளப்பனைக் கூப்பிடவும்.’ சரியாப் போச்சு. அண்ணாச்சி, வாங்க.”

அருளப்பன் பாதி எழுந்துவிட்டார்.

“அண்ணாச்சி ஓசூர்ல இருக்காரு,” என்றார் மெஹருன்னிசா.

பிலோமினா மூன்றடி தூரத்தில் இருந்த அருளப்பனைப் பார்த்தாள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, நாற்பது போர்வை நனைந்து கிடக்கிறது என்று போய்விட்டாள்.

அருளப்பன் வீடு வரை திட்டிக்கொண்டே போனார். போர்வை எண்ணுகிறவள் வந்துதான் பன்னிரண்டு வருட அனுபவத்தைப் பரிசோதிக்க வேண்டுமா? அப்புறம் நான் எதற்கு? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போக அவருக்கே பயமாக இருந்தது.

ஆனாலும் உட்கார்ந்து எழுதினார். வழக்கமான என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் நீலப் பட்டை ஒட்டிய டேப், இரண்டாம் தட்டு, இடமிருந்து மூன்றாவது என்று எழுதினார். அவருக்கு மட்டும் தெரிந்த ஒவ்வொன்றையும் தாளில் இறக்கினார். எட்டுப் பக்கம் முப்பத்தொன்று ஆனது; பதினோராம் படிக்குக் கீழே படிகள் கூடி, பதினாலு இருபத்தாறானது.

கொண்டுபோய்க் கொடுத்தார். மெஹருன்னிசா பதினோராம் படியை மட்டும் படித்தார்.

“பஸ் எத்தன மணிக்கு?”

“கையெழுத்து?”

“நாளைக்குப் பிலோமினா எழுப்பட்டும், அப்புறம் போடுறேன். லீவுக்கு நான் சொல்லிட்டேன். நீங்க கெளம்புங்க.”

பாதி நிம்மதியும் பாதிக் கடுப்புமாக அருளப்பன் சாயங்கால பஸ் ஏறினார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பேத்தி பிறந்தாள். அருளப்பன் பிரசவ வார்டு வராந்தாவில் நின்று போனைப் பார்த்தார். பத்தானது, பதினொன்றானது. போன் அடிக்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. மனைவி உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்றார்.

பன்னிரண்டு மணிக்குத் தாங்கவில்லை. அவரே கூப்பிட்டார்.

“பதினோராம் படி வந்துட்டுதா, பிலோமினா?”

“அது எப்பவோ முடிஞ்சிட்டு. பத்தொம்பதுல நிக்கேன்.”

“ஏதும் சந்தேகம்னா…”

“அண்ணாச்சி, நானும் மூணு தடவ புரட்டிப் பாத்துட்டேன். இந்தத் தாள்ல உங்களக் கூப்பிடச் சொல்லி ஒரு எடத்துலயும் எழுதல. வேலையக் கெடுக்காம போன வைங்க.”

வைத்துவிட்டாள்.

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. போனில் சிக்னலை இன்னொரு முறை பார்த்தார்.

மனைவி துணியில் சுற்றிய குழந்தையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். போனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“திரும்பவும் ஆஸ்பத்திரியா? போகணுமா?”

அருளப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

“பிள்ளைய எங்கிட்ட குடு,” என்றார்.