ஆறு வாரம் குளம் வேண்டாம்

தங்கவேலு இருபது வருஷம் எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்து கை பழகியவர். நீச்சல் பிள்ளைகளின் தோளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் கௌசல்யாவிடம் வந்து சேர்ந்தார். குரு அவரைவிடப் பத்து வயது சின்னவர். அதற்காக இருவருமே கூச்சப்பட்டதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் தங்கவேலு சலித்துப்போய்க் கேட்டார்.

"மேடம், மெர்சிக்கு ஏன் இன்னும் குணமாகலை?"

மெர்சிக்குப் பதினாலு வயது. விளையாட்டு விடுதியில் தங்கி நீந்துகிறவள். நீந்தி நீந்தி, இடது தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு நின்றது. அடுத்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் விடுதியில் பெயரை நீக்கிவிடுவார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"சுவர்ப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். தினமும் செஞ்சதா டிக் போட்டுக் கொண்டு வர்றா. சுத்தப் பொய், மேடம்."

"அவகிட்டயே கேட்டீங்களா?"

"கேட்க என்ன இருக்கு?"

வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவளைக் கௌசல்யா உள்ளே கூப்பிட்டார்.

"பயிற்சியை எங்க பண்றே, கண்ணு?"

"ரூம்ல, மேடம். காலையில எல்லாரும் குளத்துக்குப் போனப்புறம்."

"கூட யாரு?"

மெர்சி தன் செருப்பைப் பார்த்தாள். "யாரும் இல்ல."

கௌசல்யா தங்கவேலுவிடம் திரும்பினார். "சார், நீங்க பண்ணுங்க, பார்ப்போம்."

அவர் சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினார்.

"இடது எலும்பு துருத்துதா?"

"முதுகுல இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும், மேடம்?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சுருக்கென்றது.

"மெர்சி, சார் முதுகுல கை வை. தப்பாப் போனா சொல்லு."

சட்டைக்கு மேல் ஒரு சின்னக் கை பட்டது. தினமும் முப்பது முதுகில் கை வைக்கிறவர் அவர். மனைவி இறந்த இந்த நாலு வருஷத்தில் அவர் முதுகில் ஒரு கை பட்டதில்லை.

"தோள் காதுக்கு ஏறுது, சார். இறக்குங்க."

இறக்கினார்.

"இப்ப சரி."

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"உன் கூட நீந்துற பிள்ளைங்க யாராவது இப்படிக் கை வைக்கக் கூடாதாம்மா?"

"எல்லாரும் குளத்துலதான் சார் இருப்பாங்க. அங்க போகக் கூடாதுன்னு நீங்க எழுதியிருக்கீங்களே."

அவர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினாள். 'ஆறு வாரம் குளம் வேண்டாம்.' அவர் கையெழுத்தேதான். சிவப்பு மையில் இரண்டு தடவை அடிக்கோடு வேறு. ஆறில் நாலு வாரம் முடிந்திருந்தது.

"ஓய்வு குடுக்கச் சொன்னது நீங்கதானே, மேடம்?" சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தங்கவேலு கேட்டார்.

கௌசல்யா சிவப்புப் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தோளுக்குத்தான் சொன்னேன், சார். பிள்ளைக்கு இல்ல."