கடைமடைக்குப் போன கைப்பிடி

இது நான் பார்த்த கதை இல்லை. கல்லூரியில் என்னோடு படித்தவன் சொன்னது. அவனுக்கு அவன் சித்தப்பா சொன்னது. பேச்சு எல்லாம் அப்படியே நடந்ததா என்று எனக்குத் தெரியாது. என் காதுக்கு வந்தபடி எழுதுகிறேன்.

கொன்றையேந்தல் கண்மாய்க் கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்தியவர் உமையாள் அம்மை. நாற்பது வயதுகூட இருக்காது. அவருடைய சீடர்களில் மூத்தவர் பூவலிங்கம். வயதில் அம்மையைவிட மிகப் பெரியவர். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக ஊர் அவரைத்தான் வைத்திருந்தது.

கண்மாய் மடையில் ஒரு ஷட்டர். காலையில் திறந்து பொழுது சாய மூடுவார்கள். ஒரு நாள் மேல்மடை வயல்களுக்கு, மறுநாள் கடைமடை வயல்களுக்கு என்று முறை. மேல்மடையில் பெரிய தெருக்காரர்களின் வயல். கடைமடையில் காலனிக்காரர்களின் வயல்.

ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடி எப்போதும் பூவலிங்கத்தின் தோளில் இருக்கும். அவர் முறை தவறியதே இல்லை. கடைமடைக்காரர்கள் அவர் வாசலில் வந்து நின்று கேட்பார்கள். டீ கொடுப்பார். தண்ணீரும் விடுவார்.

ஒரு நாள் விடிந்ததும் அவர் மடத்துக்கு வந்தார். முகம் சரியில்லை.

"காலனிப் பிள்ளைகள் தண்ணிக்கு ஒரு சட்டம் வேணும்னு கேக்குறாக அம்மா. நான் இருக்கும்போது சட்டம் எதுக்கு?"

உமையாள் அம்மை கேட்டார்: "இன்னைக்கு முறை யாருக்கு?"

"கடைமடைக்கு. பஞ்சவர்ணம் வயல்தான் கடைசி. கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னைக்குத் தண்ணி ஏறலைன்னா பதராப் போகும்."

"இன்னைக்கு நீங்க போக வேணாம். கைப்பிடியைச் சந்தனத்துக்கிட்ட குடுத்துட்டு வாங்க."

சந்தனம் மேல்மடையில் பெரிய விவசாயி. பூவலிங்கம் அசையவில்லை.

"அவன் வாய்க்காலை அடைச்சுத் தன் வயலுக்குத் திருப்பிக்குவான் அம்மா."

"நேத்து வரைக்கும் ஏன் திருப்பலை?"

"நான் இருந்தேன்."

"போய்க் குடுத்துட்டு வாங்க."

கொடுத்துவிட்டு வந்தார். மடத்து முற்றத்தில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

உச்சி வெயிலில் பஞ்சவர்ணம் வந்தாள். தண்ணீர் கட்டப் போனவளின் காலில் ஈரம் இல்லை.

"தண்ணி வரலைய்யா. போய் நின்னு கேட்டேன். 'ஐயாவே என்கிட்ட குடுத்துட்டாரு, நீ எதுக்கு இங்க நிக்கிற' ங்கிறாரு. வாய்க்காலை அடைச்சு வச்சிருக்காரு."

பூவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்குறேன். உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எங்களுக்கு இதே கதிதானா?"

அம்மைதான் பேசினார்.

"இன்னைக்கு அவரைப் போக வேணாம்னு நான்தான் சொன்னேன்."

பஞ்சவர்ணம் அம்மையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க பாடத்துக்கு என் நெல்லுதான் கிடைச்சுதா?"

"தப்புதான். பொழுது சாயுறதுக்குள்ள தண்ணி வரும்."

மூவரும் மடைக்குப் போனார்கள். பூவலிங்கம் கை நீட்டியதும் சந்தனம் கைப்பிடியைக் கொடுத்துவிட்டார். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

"ஐயா கேட்டா மறுப்பேனா? ஐயா சொன்னா ஒரு பேச்சு. ஐயா இல்லைன்னா வேற பேச்சு."

பூவலிங்கமே மண்வெட்டி வாங்கி அடைப்பை வெட்டினார். தண்ணீர் கடைமடைக்கு ஓடியது. அவர் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"பாத்தீங்களா அம்மா, நான் வந்தேன், தண்ணி போயிருச்சு."

"பாத்தேன். காலையில நீங்க வராததையும் பாத்தேன்."

மறுநாள் பூவலிங்கம் ஊர்க் கூட்டத்தைக் கூட்டினார். கைப்பிடியைத் தரையில் வைத்தார். அதன் பக்கத்தில் ஒரு புதுப் பூட்டையும் சாவியையும் வைத்தார்.

"ஷட்டரைத் திருக முடியாதபடி இந்தப் பூட்டைப் போடப் போறேன். திறந்தாத்தான் கைப்பிடி மாட்ட முடியும். சாவி ஒரு மடைக்காரங்ககிட்ட, கைப்பிடி இன்னொரு மடைக்காரங்ககிட்ட. சந்தனம், நீயே முதல்ல எடு."

கூட்டத்தில் சலசலப்பு. பெரிய தெருக்காரர் ஒருவர், "உமக்குப் புத்தி கெட்டுப் போச்சாய்யா?" என்றார்.

"கெட்டுப் போறதுக்கு முந்தி செஞ்சிரணும்னுதான் நிக்கிறேன். ஊர் சம்மதிக்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

வெயில் ஏறியது. அவர் எழவில்லை. கடைசியில் சந்தனம் குனிந்தார். கைப்பிடி கனம், தோளில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சாவியை எடுத்து இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார்.

கைப்பிடியைப் பஞ்சவர்ணம் எடுத்தாள்.

"உங்க முறையன்னைக்கு இதுக்கு எங்க தெருவுக்கு வரணுமே, வருவீகளா?"

சந்தனத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப சாவிக்கு நீயும் என் வாசலுக்கு வரணும், மறந்துறாத."

"வாரேன். ஆனா என் முறையன்னைக்கு வாய்க்காலை அடைச்சா, உங்க முறையன்னைக்கு இது எங்க வீட்டுப் பரண்லதான் கிடக்கும்."

யாரோ சிரித்தார்கள். சந்தனம் சிரிக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

பூவலிங்கம் மடத்துக்கு வந்தார். தோள் பழக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.

"சாவி அவன்கிட்ட. கைப்பிடி அவகிட்ட. இனி யாரும் என் வாசலுக்கு வர வேண்டியதில்லை. என் கையில ஒண்ணும் இல்லை அம்மா."

உமையாள் அம்மை அவருக்கு உட்காரப் பாய் விரித்தார்.

"இனி உங்களுக்குக் காய்ச்சல் வரலாம், ஐயா."

கதை இவ்வளவுதான். மனம் கேட்காமல் போன தையில் அந்த ஊருக்குப் போய் வந்தேன். மடம் இப்போது இல்லை. ஷட்டரில் பூட்டுத் தொங்கியது. விடியும்போது ஒருவர் சாவியோடு வந்தார். கைப்பிடியோடு ஒரு பெண் வந்தாள். "நேத்து ஏன் தாமதம்?" என்று சண்டை போட்டுக்கொண்டே திறந்தார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை.