அட்வான்ஸ் கேட்காத உத்தமர்

அரைவேக்காட்டுப்பட்டியில் யோசிப்பதைக் கெட்ட பழக்கமாக நினைப்பார்கள். அந்தப் பழக்கம் துளியும் இல்லாத மூன்று பேர் திருப்பூருக்கு வாடகை வீடு தேடி வந்தார்கள்: மாசிலாமணி, அவன் மச்சான் சடையாண்டி, சித்தப்பா வேலப்பன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடு கிடைத்தாக வேண்டும். மாசிலாமணியின் பெண்டாட்டி சிவகாமி பெட்டி படுக்கையோடு வருகிறாள். "வீடு இல்லேன்னா அடுத்த பஸ்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

சிவகாமியின் அக்கா வீட்டுக்காரர் உள்ளூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவர் மூன்று புத்திமதி சொன்னார். "போன்ல வர்ற போட்டோவை நம்பாதீங்க, சொந்தக் கண்ணால பாருங்க. எடுத்த எடுப்புல அட்வான்ஸ் கேட்கிறவனை நம்பாதீங்க. அவசரப்படுத்துறவனை நம்பவே நம்பாதீங்க."

மூன்றையும் ஒரே தலையில் சுமக்க முடியாதென்று ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 'சொந்தக் கண்' வேலப்பன் பங்குக்கு வந்தது. அவர் உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். தெருமுனையில் இருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்து, "நல்ல காத்தோட்டம், இதையே பிடிச்சிரலாம்" என்றார்.

முதல் வீட்டு அம்மாள் தங்கமானவர். காபி கொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டி, "அட்வான்ஸ் இருபதாயிரம்" என்றார். சடையாண்டியின் பங்கு அதுதான். காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "திருட்டுக் கும்பல், கிளம்புங்க" என்று எழுந்தான்.

இரண்டாவது வீட்டுப் பெரியவர் வாசலிலேயே காத்திருந்தார். "மழை வருது, சீக்கிரம் உள்ள வாங்க" என்றார்.

"அவசரப்படுத்துறாரு பார்த்தீங்களா?" என்றான் மாசிலாமணி.

மூவரும் தெருவிலேயே நின்று நிதானமாக நனைந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சந்தில் ஓர் ஆள் வீட்டுப் பூட்டுக்குள் கம்பியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மினி லாரி நின்றது. இவர்களைக் கண்டதும் அவனுக்கு முகம் வெளிறியது.

"வீட்டைக் காலி பண்றீங்களா?" என்று கேட்டான் மாசிலாமணி.

அந்த ஆள் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "ஆமாங்க."

"எங்களுக்கு வாடகைக்கு விடுவீங்களா?"

"தாராளமா எடுத்துக்கோங்க."

"அட்வான்ஸ்?"

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க."

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"கம்பியால திறக்கிறாரே?" என்றான் சடையாண்டி.

"அவரு வீடு. கம்பியால திறப்பாரு, கடப்பாரையால திறப்பாரு" என்றார் வேலப்பன்.

"பரபரன்னு இருக்காரே, அது அவசரம் இல்லையா?"

மாசிலாமணி நெடுநேரம் யோசித்தான். வழக்கமில்லாததால் தலை வலித்தது. "அவரு தன்னைத்தான் அவசரப்படுத்திக்கிறாரு. நம்மளை இல்ல."

சந்தேகம் தீர்ந்தது. பீரோ, கட்டில், பிரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றையும் மூவருமே சுமந்து லாரியில் ஏற்றினார்கள். அந்த ஆள் நிழலில் உட்கார்ந்து பீடி குடித்தான். இப்படிப்பட்ட மனிதனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்றவன் சட்டைப்பையில், அட்வான்ஸுக்கென்று கொண்டுவந்திருந்த இருபதாயிரத்தையும் வம்படியாகத் திணித்தான். லாரி தெரு திரும்பும்வரை மூவரும் கையாட்டினார்கள்.

சாயங்காலம் சிவகாமி வந்தாள். கூடம் விசாலமாக இருக்கிறதென்று ஜென்மத்தில் முதல் தடவையாகப் புருஷனைப் பாராட்டினாள். அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் நீடித்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்த வீட்டுச் சொந்தக்காரர் குடும்பத்தோடு திரும்பிவிட்டார்.

"யாருய்யா நீங்க? என் பீரோ எங்கே?"

"கவலைப்படாதீங்க, ஒரு கீறல் இல்லாம ஏத்தி அனுப்பிட்டோம்" என்றார் வேலப்பன் பெருமையாக.

வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். சிவகாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.

மாசிலாமணி அவள் பின்னாலேயே ஓடினான். "கோவிச்சுக்காத சிவகாமி. அந்த உத்தமர் நாளைக்குப் பக்கத்துத் தெருவுல இன்னொரு வீட்டைக் காலி பண்றாராம். அதை வேற யாருக்கும் விட்டுறாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். சாமான் ஏத்த நாங்க மூணு பேரும் வெள்ளனே போயிருவோம். சாயங்காலமே பால் காய்ச்சிரலாம்."