இளவரசர் மிளகாய்

மிளகாய் என்ற பெயரையே இந்தப் பக்கம் யாரும் கேட்டிராத காலம் அது. மிளகை இடித்துக் குழம்பு வைத்த காலம். அப்போது அளந்தூர் நாட்டை அதிரூபன் என்றொரு ராசா ஆண்டான். கேட்கிறவர்களுக்குத் தாகமாக இருந்தால் இப்போதே குடித்துவிட்டு வாருங்கள். கதைக்குள் தண்ணீர் நிறைய வரும், ஆனால் அது குடிக்க உதவாது.

ஒருநாள் கப்பல் வியாபாரி ஒருவன் சிவப்பாகச் சுருங்கிய காய் ஒன்றைக் கொண்டுவந்து ராசாவிடம் கொடுத்தான். ராசா பாதியைக் கடித்தான். அழுதான், விக்கினான், பிறகு சிரித்தான். "இத்தனை வருஷமாக என் நாக்கு தூங்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறது!" என்றான். மீதிப் பாதியையும் தின்றுவிட்டான். தட்டில் ஒட்டிக்கிடந்தவை மூன்று விதைகள் மட்டுமே.

தோட்டக்காரன் தவசியை அழைத்தார்கள்.

"சித்திரை முதல் நாள் என் இலையில் இந்தக் காய் இருக்க வேண்டும். இருந்தால் நீ இருப்பாய். இல்லையென்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு நாட்டைவிட்டே போய்விடு" என்றான் ராசா.

தவசி மூன்று விதைகளையும் தலைப்பாகை நுனியில் முடிந்துகொண்டான். அவன் பிறந்தது அந்தக் குடிசையில். வேறு ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது.

அரண்மனையில் மூன்று தொட்டிகள் தந்தார்கள். நல்ல மண்தொட்டிகள்தான், வெளியே பொன்பூச்சு. தவசி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் துளை இல்லை.

"சாமி, அடியில ஒரு ஓட்டை போட்டாத்தான் தண்ணி வடியும்" என்றான் அமைச்சரிடம்.

அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டார். "கோட்டைக்குள் ஓட்டைப் பானையா? ராசாவின் ஆயுளில் ஓட்டை விழவா? இன்னொரு முறை சொன்னால் நாக்கு இருக்காது."

அந்த அரண்மனையில் அப்படியொரு வழக்கம். கீறல் விழுந்த சட்டியைக்கூட அன்றைக்கே கோட்டைக்கு வெளியே வீசிவிடுவார்கள்.

விதைகள் முளைத்தன. இரண்டிலை விட்டன, நான்கிலை விட்டன, அதோடு நின்றுவிட்டன. பத்து நாள் பார்த்தார்கள். இருபது நாள் பார்த்தார்கள். ராசா தினமும் வந்து விரலால் அளந்தான். அளவு மாறவில்லை.

பெரியவர்கள் மூவர் கூடி ஆளுக்கொரு செடியை எடுத்துக்கொண்டார்கள்.

"தாகம்" என்றார் அமைச்சர். வேளைக்கு ஒரு குடமாக மூன்று வேளையும் மேளத்தோடு ஊற்ற ஏற்பாடு செய்தார். ஏழாம் நாள் அந்தச் செடி வேர் அழுகிச் சாய்ந்தது.

"பசி" என்றார் வைத்தியர். திப்பிலிக் கஷாயமும் நெய்யும் மீன் கரைசலும் புகட்டினார். எட்டாம் நாள் அந்தச் செடி இலை கருகி உதிர்ந்தது.

"கண்ணேறு" என்றார் சோதிடர். செடியை இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பட்டுத்துணியால் மூடினார். அது சாகவில்லை. நூல் மாதிரி வெளுத்து நீண்டு, துணி மேலேயே சாய்ந்துகொண்டது.

மிஞ்சியது அது ஒன்றுதான் என்பதால் ராசாவுக்கு அதன்மேல் பாசம் பொங்கியது. அதற்கு இளவரசர் என்று பட்டம் கட்டினான். தண்டில் வெள்ளிக் கொலுசு போட்டார்கள். இளவரசர் விஷயத்தில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்பது முறையல்ல என்று அமைச்சரின் குடமும் வைத்தியரின் கஷாயமும் சோதிடரின் பட்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. தவசியை யாரும் எதுவும் கேட்கவில்லை. குடம் தூக்குவது மட்டும் அவன் வேலை.

மத்தியானம் கஞ்சிக்கு உட்கார்ந்தவன் கஞ்சியைத் தொடவில்லை.

"என்ன, இளவரசருக்கு இன்னிக்குப் பசியில்லையாக்கும், உனக்கும் இல்லையா?" என்றாள் பெண்டாட்டி இருளாயி.

"ஒரே ஒரு ஓட்டை போட்டா பிழைச்சுக்கும்டி. கோட்டைக்குள்ள ஒரு பானையிலயும் ஓட்டை போட விடமாட்டேங்கிறாங்களே."

"செத்தா போடுவாங்க" என்றாள் அவள், ஊறுகாயைத் தேடியபடி. "மூணு ஓட்டையா போடுவாங்க."

அந்த நாட்டிலும் இறுதிச் சடங்கில் குடத்தில் மூன்று துளை போடுகிற வழக்கம் உண்டு. தவசி அவளையே பார்த்தான். பிறகு கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான்.

அரண்மனை வாசலில் போய் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டான். "போயிட்டாரே! நம்ம இளவரசர் போயிட்டாரே!"

வைத்தியர் இருட்டறைக்கு ஓடிப்போய், துணிமேல் சாய்ந்துகிடந்த இலையைத் தொட்டு நாடி பார்த்தார். நாடி இல்லை என்றார். செடிக்கு முன்பும் நாடி இருந்ததில்லை என்பதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

ராசா தேம்பினான். தவசியைப் பார்த்து, "உன்னை இன்றே துரத்தியிருப்பேன். துக்க காலத்தில் தண்டனை கூடாது. காரியம் முடிந்ததும் நீ போக வேண்டியதுதான்" என்றான்.

சாதாரண ஆளுக்குத் துக்கம் பதினாறு நாள். ராசவம்சத்துக்கு மூன்று மடங்கு, நாற்பத்தெட்டு நாள். எடுத்துவிட்டு வந்த பிறகு அதுவரை கோட்டையிலிருந்து ஒருவரும் சுடுகாட்டுப் பக்கம் போகக் கூடாது. தவசியின் குடிசையோ கோட்டைக்கு வெளியே இருந்தது. தவசி விரல்விட்டு எண்ணினான். நாற்பத்தெட்டாம் நாளும் சித்திரை முதல் நாளும் ஒன்றாக வந்தன.

"பச்சைப் பிள்ளை மகாராசா. நெருப்புல வைக்க வேண்டாம். இருந்த தொட்டியோட அப்படியே விட்டுடலாம்" என்று கேட்டுக்கொண்டான். ராசா தலையசைத்தான்.

பல்லக்கில் தொட்டி போயிற்று. சுடுகாட்டில் வெட்டியான், குடத்துக்குப் பதிலாகத் தொட்டியிலேயே துளை போட உளியை எடுத்தான்.

"அடியில போடுப்பா" என்று தவசி கிசுகிசுத்தான்.

"பக்கத்துலதானே போடுவோம், எப்பவும்?"

"பிள்ளை சின்னது. அடியில போடு."

தொட்டியைச் சாய்த்து மூன்று துளை போட்டார்கள். கறுத்த தண்ணீர் நாற்றத்தோடு கொட்டியது. ராசா மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதான். எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

தவசி மூன்று கல்லை வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றினான். நெய் பிடித்த மேல்மண்ணை வழித்து எறிந்துவிட்டுப் புதுமண் போட்டான். கொலுசைக் கழற்றினான். நூல் போன்ற தண்டுக்கு ஒரு குச்சியை நட்டான். முதலில் காலை வெயில் மட்டும், வாரம் கழித்து முழு வெயில். தினமும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பான். இரண்டு கணுவரை காய்ந்திருந்தால் ஒரு சிரட்டைத் தண்ணீர். ஈரமிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருளாயி பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். தவசிக்குக் கை அரித்தது. இன்னொரு சிரட்டை ஊற்றினால் என்ன? கொஞ்சம் சாணி கரைத்து விட்டால்தான் என்ன? கையை அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டான். அந்தப் பத்து நாள்தான் அவன் ஆயுளிலேயே கடினமாக உழைத்த நாட்கள்.

பதினோராம் நாள் எலிக்காது போல ஓர் இலை வந்தது. இருபதாம் நாள் செடி கிளைத்தது. முப்பதை நெருங்கும்போது வெள்ளைப் பூக்கள் தலைகவிழ்ந்து நின்றன.

நாற்பத்தெட்டாம் நாள் ராசா பரிவாரத்தோடு வந்தான். புரோகிதர் கையில் எள் இருந்தது. எதிரே இடுப்பளவு செடி நின்றது. ஏழு காய்கள். அதில் ஒன்று சிவப்பு. புரோகிதர் எள்ளை எங்கே போடுவதென்று தெரியாமல் மடியில் முடிந்துகொண்டார்.

"என் தண்ணீர் இப்போதுதான் வேரைத் தொட்டிருக்கிறது" என்றார் அமைச்சர்.

"என் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும்" என்றார் வைத்தியர்.

"கிரகம் விலகிவிட்டது" என்றார் சோதிடர்.

ராசா தவசியைப் பார்த்தான். "நீ என்ன செய்தாய்?"

தவசி காலில் விழுந்தான். "பொய் சொன்னேன் மகாராசா. அவர் சாகல. தொட்டியில ஓட்டை போடணும், வெயில்ல வைக்கணும், எல்லாரையும் தள்ளி நிறுத்தணும். இந்த மூணுக்கும் எனக்கு வேற வழி தெரியல. அதுக்கப்புறம் முக்கால்வாசி நாள் நான் ஒண்ணுமே செய்யல."

எல்லோரும் ராசாவின் இடுப்பிலிருந்த வாளைப் பார்த்தார்கள். ராசா சிவந்த காயைப் பறித்துக் கடித்தான். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் கொட்டியது. பேச்சு வர நேரமாயிற்று.

"பொய்க்குத் தண்டனை உண்டு" என்றான். "இந்தப் பழத்தின் விதை முழுவதையும் நீதான் வளர்க்க வேண்டும். நாட்டைவிட்டுப் போக முடியாது. தொட்டிகளுக்குத் துளை போட்டுக்கொள், என் ஆயுள் பழுதாகாது."

மூன்று பெரியவர்களுக்கும் வேலை கொடுத்தான். தினமும் காலையில் அவர்கள் தொட்டிகளின் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நாழிகை சும்மா நிற்க வேண்டும். அந்த வருஷம் அளந்தூரில் எல்லோர் வீட்டுக் குழம்பும் சிவந்தது. அமைச்சருக்கு மட்டும் தோளில் வலி வந்துவிட்டது, சும்மா நின்று பழக்கமில்லாததால்.

இந்தக் கதை சொல்லும் நீதி இது: ஒன்று வளராமல் நின்றால், இன்னும் என்ன கொடுக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் எதை நிறுத்தலாம் என்று கேட்க வேண்டும்.