சுண்டைக்காய் வத்தல் என்றால் கேட் திறக்கும்

ஈரோட்டில் பெருந்துறை சாலையை விட்டு இரண்டு திருப்பம் உள்ளே தள்ளி, வெள்ளிமலை அப்பார்ட்மெண்ட்ஸ் என்று ஒன்று உண்டு. மொத்தம் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டிலும் சொன்ன பேச்சைத் தட்டாத நல்ல ஜனங்கள். சொன்னதற்கு மேல் ஒரு அங்குலம் யோசித்துவிட்டார்கள் என்று அவர்கள் மேல் யாரும் பழி போட முடியாது.

சங்கச் செயலாளர் அவிநாசியப்பன். அவர் மகள் மதுமிதாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பீரோவில் நாற்பது பவுன் நகை. பக்கத்துத் தெருவில் பட்டப்பகலில் கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போய், இன்ஸ்பெக்டர் பிரமிளாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். “கேட்ல யார் வந்தாலும் ரகசியச் சொல் கேளுங்க. போலீஸ்னு சொல்லிக்கிட்டு வந்தாலும் நம்பாதீங்க. ஆபத்துன்னா முக்கியமானதை எல்லாம் ஒரே பையில போட்டுக்கிட்டு, எங்கயும் நிக்காம ஓடி வந்து கீழ கூடுங்க. போன் சத்தம் கேட்கக் கூடாது. நான் வந்து சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கேட்டைத் தாண்டாதீங்க. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன், ஒத்திகை பார்த்துடலாம்.”

அன்றைக்கே கமிட்டி கூடியது.

“எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லா இருக்கோணும்,” என்றார் அவிநாசியப்பன்.

“எல்லாருக்கும் தெரிஞ்சா அது எப்படிங்க ரகசியம்?” என்றார் பொருளாளர் தெய்வாத்தாள்.

“தெரிஞ்சதை வெளிய சொல்லாம இருந்தா ரகசியம்தானுங்க்கா.”

இரண்டு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் தெய்வாத்தாள் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து, ‘சுண்டைக்காய் வத்தல்’ என்று ஒருமனதாக முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு ஒரு ஆள் வந்தான். கேஸ் அடுப்பு ரிப்பேர் என்றான். வாட்ச்மேன் மாரப்பன் ரகசியச் சொல்லைக் கேட்டார்.

“தெரியாதுங்களே.”

மாரப்பனுக்குப் பாவமாகிவிட்டது. “சுண்டைக்காய் வத்தல்னு சொல்லோணுங்க.”

“சுண்டைக்காய் வத்தல்.”

“அவ்வளவுதானுங்க. போங்க.”

இதை அவிநாசியப்பன் பார்த்துவிட்டார். “ஏன் மாரப்பா, நீயே சொல்லிக் குடுத்து உள்ள விடறயா? இனிமே ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்காதே.”

“சரிங்க. இவரைத் திருப்பி அனுப்பிரட்டுங்களா?”

“அவர்தான் சரியாச் சொல்லிட்டாரே. சொன்னவரை எப்படி அனுப்பறது?”

பத்து மணிக்குப் பையில் சிக்கல் வந்தது. வீட்டுக்கு ஒரு பை என்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை, ஒரே பை என்றுதான் சொன்னார். தெய்வாத்தாள் காசிக்குக் கொண்டுபோன பெரிய பையைக் கொண்டு வந்தார். பன்னிரண்டு வீட்டு நகையும் பத்திரமும் அதற்குள் போயின. அடியில் மதுமிதாவின் நாற்பது பவுன், மேலே ஒரு ஊறுகாய் ஜாடி. தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மூட்டு வலி.

“நான் வேணா தூக்கிட்டு ஓடறனுங்க,” என்றான் அடுப்பு ரிப்பேர்க்காரன்.

அவிநாசியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யார் இப்படி முன்வருகிறார்கள்?

இன்ஸ்பெக்டர் வருவதற்குள் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிடலாம் என்று மாரப்பனை மணி அடிக்கச் சொன்னார்கள். மணி அடித்ததும் அவன் எடுத்த ஓட்டம் ஒத்திகை மாதிரியே இல்லை. நேராகக் கேட்டுக்கு ஓடினான். கேட்டில் பூட்டு.

“மேடம் வந்து சொல்லாம தாண்டக் கூடாதுங்க,” என்றார் மாரப்பன்.

அவன் திகைத்து நின்றான். நின்றதுதான் தப்பாகப் போயிற்று.

“நிக்கறாரே!” என்று பதறினார் தெய்வாத்தாள். “எங்கயும் நிக்காம ஓடோணும்னு சொன்னாங்களே.”

“கட்டடத்தைச் சுத்தி ஓடட்டுங்க,” என்றார் அவிநாசியப்பன். “இடம் தாராளமா இருக்குது.”

அவன் சுற்றுச்சுவரைப் பார்த்தான். எட்டடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. பையைக் கீழே வைக்கப் போனால் நாலு பேர் ஓடி வந்து மறுபடியும் தோளில் ஏற்றினார்கள். வேறு வழியில்லாமல் ஓடினான். ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாரும் கை தட்டினார்கள். மகளின் நகை கண்ணெதிரே பத்திரமாகச் சுற்றி வருவதைப் பார்த்து அவிநாசியப்பனுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு பசி எடுத்தது.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து தட்டினார். கேட் முழுக்கத் தகரம், உள்ளே ஒன்றும் தெரியாது.

“ரகசியச் சொல் சொல்லுங்க,” என்றார் மாரப்பன்.

“நான்தாங்க இன்ஸ்பெக்டர்.”

“போலீஸ்னு சொன்னா நம்பக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டரே சொல்லியிருக்காங்க.”

முதல் அரை மணி நேரம் பிரமிளாவுக்குப் பெருமையாக இருந்தது. அதற்கப்புறம் போன் போட்டுப் பார்த்தார். எல்லார் போனும் சைலண்ட்டில் இருந்தது. உள்ளே கமிட்டி தீவிரமாக ஆலோசித்தது.

“குரல் மேடம் குரல்தானுங்க,” என்றார் தெய்வாத்தாள்.

“குரலை நம்பச் சொல்லி அவங்க சொல்லலீங்களே,” என்றார் அவிநாசியப்பன். “மேடம் வந்து சொன்னாத்தான் ஒத்திகை முடியும். மேடத்தை உள்ள விட்டாத்தான் வந்து சொல்லுவாங்க. மேடம் வர்ற வரைக்கும் வெளிய நிக்கற இவங்களை உள்ள விடாம பார்த்துக்குவோம்.”

ஒரு மணி ஆனது. வெயில் கொளுத்தியது. நாற்பத்தாறாவது சுற்றில் ரிப்பேர்க்காரனின் கால்கள் பின்னிக்கொண்டன. கேட்டின் மேல் போய் விழுந்து, தகரத்தில் வாயை வைத்துக் கத்தினான்.

“மேடம், சுண்டைக்காய் வத்தல்! சுண்டைக்காய் வத்தல்னு சொல்லுங்க மேடம். வந்து என்னைப் பிடிச்சிட்டுப் போயிருங்க.”

“சுண்டைக்காய் வத்தல்,” என்றார் இன்ஸ்பெக்டர். மாரப்பன் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார்.

பக்கத்துத் தெருவில் கத்தி காட்டிய ஆள் இவன்தான் என்று இன்ஸ்பெக்டருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடுப்பில் கத்தியும் இருந்தது. பையைத் திறந்தார்கள். நாற்பது பவுனும் அப்படியே இருந்தது, கொஞ்சம் ஊறுகாய் எண்ணெயோடு. அவிநாசியப்பன் நகையை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவன் மேல் ஒரு புகார் எழுதித் தர வேண்டும் என்றார்.

“கொள்ளை முயற்சிதானே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அது இருக்கட்டுங்க மேடம். சங்கத்து ரகசியச் சொல்லை இத்தனை பேர் முன்னால வெளியாளுக்குச் சொல்லிப்போட்டான். நாங்க இனி வேற சொல் தேடோணும்.”

ஜீப்பில் ஏறிய திருடன் கையெடுத்துக் கும்பிட்டான். “தப்புத்தானுங்க. இனி உசுரே போனாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

கமிட்டி அங்கேயே ஒதுங்கி நின்று பேசியது. மனம் வருந்துகிறவனைத் தண்டிப்பது நியாயமில்லை என்று முடிவாகி, புகார் வாபஸ் ஆனது. அதோடு புதுச் சொல்லும் முடிவானது. மனஸ்தாபம் ஏதும் இல்லை என்பதற்கு அடையாளமாக அவிநாசியப்பன் ஜீப்புக்குள் தலையை நீட்டி, அவன் காதில் மெதுவாக ஏதோ சொன்னார்.

“அவன்கிட்ட என்ன சொன்னீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மன்னிக்கோணும் மேடம். அதை வெளியாளுங்களுக்குச் சொல்றதுக்கில்லைங்க.”